வெஸ்ட் சிஸ்டம் 105: வீட்டில் மகோகனிப் படகு கட்டுபவர் எதை வாங்கலாம், எதை விடலாம்

1930 முதல் 1950-கள் வரை அமெரிக்க ஏரிகளில் ஓடிய மகோகனி ரன்அபவுட் என்ற சிறிய மோட்டார் படகுகளுக்கு இன்றும் மவுசு குறையவில்லை. கிறிஸ்-கிராஃப்ட், ஹேக்கர்-கிராஃப்ட், கார் வுட் என்பவை அந்தக் காலத்துப் பெயர்கள். தேன் நிற மேல்தளம், பலகைக்குப் பலகை ஓடும் வெளிர்கோடு, அமரத்தை, அதாவது பின்முனையை, நோக்கி உள்வாங்கும் பக்கங்கள். இதே தோற்றத்தில் 14 அடிப் படகொன்றை வீட்டுக் கொட்டகையில் கட்ட வரைபடம் விற்பவர்கள் அங்கே பலர். கிளென்-எல் நிறுவனம் 1953-இல் தொடங்கியது. யாருடைய வரைபடமானாலும், பொருள் பட்டியலில் மரத்துக்கு அடுத்தபடி பணம் தின்னும் வரி எப்பாக்ஸிதான்: ரெசின் என்ற பிசினோடு அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து பூசும் பசை. அந்த வரியில் அதிகம் எழுதப்படும் பெயர் வெஸ்ட் சிஸ்டம்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். விலை கூடுதல்தான். ஆனால் அந்தக் கூடுதல் விலை பசையின் வலுவுக்கு அல்ல. நல்ல எப்பாக்ஸி எதுவானாலும் ஒழுங்காக ஒட்டினால் மூட்டு விடுவதற்கு முன் மரம்தான் கிழியும். அளவு தவறாத பம்ப், ஒன்றோடொன்று பொருந்தும் ஹார்டனர்கள், எந்த வெப்பத்தில் எத்தனை நிமிடம் என்று சொல்லும் தெளிவான அட்டவணை, இந்த மூன்றுக்குத்தான் காசு கொடுக்கிறோம். முதல் படகு கட்டுபவர் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில் என்பதால் அந்தக் காசு வீண் இல்லை.

மிச்சிகன் மாநிலம் பே சிட்டியில் மீட், ஜான், ஜோயல் என்ற கூஜன் சகோதரர்கள் 1969-இல் தொடங்கியது வெஸ்ட் சிஸ்டத்தைத் தயாரிக்கும் நிறுவனம். 1970-இல் அவர்கள் கட்டிய அடாஜியோ என்ற 35 அடி மூவுடல் படகு, ஆணி திருகுகளை நம்பாமல் எப்பாக்ஸியால் மட்டுமே இணைத்து மூடப்பட்டது. பல பத்தாண்டுகள் பந்தயத்தில் ஓடியது. மரத்தின் எல்லா முகங்களையும் எப்பாக்ஸியால் மூடி ஈரம் ஏறாமல் தடுத்தால், மரம் உப்பவும் உலரவும் வழியில்லை; அசையாத மரம் வெடிக்காது, உளுக்காது. ரெசினை விற்பதற்கு முன் அவர்கள் நிரூபித்த யோசனை இதுதான்.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. பழைய ரன்அபவுட்டைப் புதுப்பிப்பதும், பழைய தோற்றத்தில் புதிதாகக் கட்டுவதும் வேறு வேறு வேலைகள். அசல் படகின் பலகைகள் தண்ணீரில் ஊறி உப்பி ஒன்றையொன்று நெருக்கித்தான் கசிவை அடைக்கும். அதன் வெளிப்பக்கம் மட்டும் எப்பாக்ஸி பூசினால், உள்ளிருந்து ஈரம் குடித்து உப்பும் பலகை போக்கிடம் இல்லாமல் வங்குகளை (படகின் விலாச் சட்டங்களை) முறிக்கும், அல்லது பூச்சையே கிழிக்கும். அசல் படகு கையில் இருந்தால் இந்த ரெசினைத் தொட வேண்டாம். இனி சொல்லப்போவது பிளைவுட் உடலின் மேல் மெல்லிய மகோகனிப் பட்டைகள் ஒட்டிக் கட்டும் புதுப் படகுக்கு மட்டும்.

ஹார்டனரில்தான் சூட்சுமம்

105 என்பது ரெசின். அதோடு சேர்ப்பதற்கு நான்கு ஹார்டனர்கள். 205 வேகமானது: 22 டிகிரி செல்சியஸில் கோப்பைக்குள் 9 முதல் 12 நிமிடம் தாங்கும். 206 மெதுவானது, 20 முதல் 25 நிமிடம். 207 மரத்தின் நிறம் தெரியும் பூச்சுக்கானது, ஏறக்குறைய 206-இன் வேகம். 209 மிக மெதுவானது, 40 முதல் 50 நிமிடம்.

இந்த எண்களை நம்பி ஏமாறுபவர்கள் வெயில் நாட்டுக்காரர்கள். அட்டவணையின் 22 டிகிரி மிச்சிகன் கொட்டகைக்கு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அது குளிரூட்டிய அறைக்கு மட்டுமே பொருந்தும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் நேரம் பாதியாகும் என்பது கணக்கு. 35 டிகிரியில் 209-கூட 15, 20 நிமிடத்தில் இறுகத் தொடங்கும்; 205-ஐத் திறப்பதே வீண். ஆக, நம் பக்கத்தில் கட்டுபவருக்கு 209 ஒன்று, மகோகனி மேல் பூச 207 ஒன்று, அவ்வளவே. அமெரிக்காவில் கட்டுபவர் கோடைக்கு 206, குளிருக்கு 205 என வைத்துக்கொள்ளலாம். 205 சுமார் 4 டிகிரி வரை இறுகும், 206-க்கும் 207-க்கும் 16 டிகிரி வேண்டும், 209-க்கு 21.

கோப்பையில் கலவை எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவும் அது தன்னையே சூடாக்கிக்கொள்கிறது. அரை லிட்டரைக் குறுகிய கோப்பையில் விட்டுவிட்டு ரோலரைத் தேடப் போனால், திரும்பி வரும்போது புகை வரும், நுரை பொங்கும், பிளாஸ்டிக் கோப்பை உருகும். கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பினால் சூடு வெளியேறிவிடும். அதே கலவை இரண்டு மூன்று மடங்கு நேரம் தாங்கும். தேவைக்கு மேல் கலக்காமல், ஒரு முறைக்கு 150 மில்லி போதும்.

பம்ப்: நல்லது, ஆனால் பொறி உள்ளது

205, 206 இரண்டுக்கும் அளவு விகிதம் 5-க்கு 1. 207, 209 இரண்டுக்கும் 3-க்கு 1. பம்பில் இந்த விகிதம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது: ரெசின் ஒரு அழுத்து, ஹார்டனர் ஒரு அழுத்து. "5-க்கு 1" என்று டப்பாவில் படித்துவிட்டு ஐந்து முறை ரெசினையும் ஒரு முறை ஹார்டனரையும் அழுத்துபவர்கள் இன்றும் உண்டு. அப்படிக் கலந்தது 25-க்கு 1 ஆகிவிடும். எத்தனை வாரம் காத்திருந்தாலும் இறுகாது. அந்தப் பிசினைச் சுரண்டி, துடைத்து, மரத்தையே தேய்த்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பம்ப் தொகுப்பில் ஹார்டனருக்கு இரண்டு பம்ப்கள் வருகின்றன, விகிதத்துக்கு ஒன்று. இரண்டிலும் பெரிய எழுத்தில் பெயிண்டால் எழுதிவைப்பது நல்லது.

நாள்கணக்கில் நின்ற பம்பின் முதல் அழுத்தில் காற்று வரும். அதைத் தனிக் கோப்பையில் விட்டுவிட வேண்டும். எடைபோட்டுக் கலப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று: 5-க்கு 1 எடையிலும் ஏறக்குறைய அதேதான், ஆனால் 3-க்கு 1 என்பது அளவு விகிதம், எடையில் அது சுமார் 3.5-க்கு 1. ஹார்டனர் லேசானது என்பதே காரணம். கலக்கும்போது கோப்பையின் மூலையையும் அடியையும் சுரண்டி இரண்டு நிமிடம் கிண்ட வேண்டும். இறுகிய பூச்சில் அங்கங்கே பிசுபிசுப்பான திட்டு இருந்தால் அது கோப்பை ஓரத்தில் கலக்காமல் நின்ற ரெசின்.

எவ்வளவு வாங்குவது

14 அடி நீளம், 5 அடி அகலம் கொண்ட ரன்அபவுட் ஒன்றுக்குக் கணக்கு இப்படி. வெளிப்புறம் அடி, பக்கம், மேல்தளம் எல்லாம் சேர்த்து 14 சதுர மீட்டர் அளவில் வரும். உட்புறமும் வங்குகளும் சேர்த்து இன்னொரு 15, 16. மொத்தம் 30 என்று கொள்வோம். 4.5 லிட்டர் கலவை முதல் பூச்சுக்கு 32 முதல் 38 சதுர மீட்டர் ஓடும், ஏனென்றால் மரம் குடிக்கும்; அடுத்த பூச்சுகளுக்கு 43 முதல் 48 சதுர மீட்டர். மூன்று பூச்சுக்கு 10 லிட்டர். வெளியே கண்ணாடியிழைத் துணி போர்த்தி, அதன் நெசவு மறையும்வரை நிரப்ப 4, 5 லிட்டர். ஒட்டுக்கும் மூலை நிரப்புக்கும் மற்றொரு 4, 5 லிட்டர். ஆக 20 லிட்டர்.

நிறுவனத்தின் பெரிய சி அளவில் ரெசினும் 5-க்கு 1 ஹார்டனரும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே 20 லிட்டர்தான். சிறிய டப்பாக்களாக வாங்கினால் லிட்டருக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம். பாதிப் படகில் ரெசின் தீர்ந்து, கடையில் இருக்கும் சிறிய டப்பாவை வாங்க ஓடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய பண விரயம்.

நிரப்பிப் பொடிகள்: ஆறில் மூன்று போதும்

403, 404, 405, 406, 407, 410 என்று ஆறு பொடிகள் பட்டியலில் உள்ளன. 406 கூழ்ம சிலிகா, அது கட்டாயம். ஒட்டுக்கு, மூலைக்கு, செங்குத்தான இடத்தில் வழியாமல் நிற்பதற்கு எல்லாவற்றுக்கும் அதுவே. 407 லேசான பழுப்புப் பொடி, மேடு பள்ளம் சரிசெய்வதற்கு. இறுகிய பின் எளிதாகத் தேயும். 404 அடர்த்தியானது, மோட்டார் மாட்டும் பின்பலகையின் போல்ட் துளைகளுக்கும் உலோகப் பொருத்திகளுக்கும் அது வேண்டும். மற்ற மூன்றையும் முதல் படகுக்கு விட்டுவிடலாம். குறிப்பாக 410 தேய்க்க வெண்ணெய் போல இருக்கும், ஆனால் கருநிறப் பூச்சுக்கு அடியில் வெயில் பட்டால் இளகும். மகோகனிப் படகுக்கு அது பொருந்தாது.

பதத்துக்கு அவர்கள் சொல்லும் உவமை கெட்ச்அப், மயோனைஸ், வேர்க்கடலை வெண்ணெய். நம் சமையலறைக் கணக்கில் தோசை மாவு, இட்லி மாவு, கெட்டித் துவையல். பலகைமேல் பலகை ஒட்டத் தோசை மாவு பதம். வங்கில் பிளைவுட்டைப் பொருத்த இட்லி மாவு. மூலையில் ஃபில்லெட், அதாவது உள்மூலையை வளைவாக நிரப்பும் பசைப் பட்டை, இழுக்கத் துவையல்: கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக்கூடாது. முதலில் ரெசினையும் ஹார்டனரையும் முழுக்கக் கலந்த பிறகுதான் பொடி. முன்னால் போட்டால் கலவை விகிதம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவாது. சிலிகா காற்றில் பறக்கும், முகமூடி இல்லாமல் டப்பாவைத் திறக்கக்கூடாது.

ஒட்டும் விதம்

ஆசாரிகளுக்கு இது தலைகீழ்ப் பாடம். வஜ்ரப் பசையோ வெள்ளைப் பசையோ என்றால் இழைத்து, இடுக்கில்லாமல் பொருத்தி, கிளாம்பை முடிந்த மட்டும் இறுக்குவார்கள். எப்பாக்ஸியில் இறுக்கினால் பசை வெளியேறிவிடும். உள்ளே மிஞ்சுவது வறண்ட மூட்டு. விளிம்பில் சிறு மணிகளாகப் பசை எட்டிப்பார்க்கும் அளவுக்கு இறுக்கினால் போதும், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். பளபளவென்று இழைத்த முகம் வேண்டாம், 80 எண் உப்புத்தாளால் கீறிவிட்ட முகம் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் கவலையில்லை. தொழில் பழகாத கை இந்தப் படகைக் கட்ட முடிகிறதென்றால் இந்தச் சலுகையால்தான்.

முதலில் இரு முகங்களிலும் பொடி சேர்க்காத கலவையைப் பூச வேண்டும், குறிப்பாக மரத்தின் நார் முனை தெரியும் வெட்டு முகங்களில். அந்த முகம் வைக்கோல் கட்டு மாதிரி உறிஞ்சும். நேரடியாகப் பொடி கலந்ததைத் தடவினால் ரெசினை மரம் குடித்துவிட்டுப் பொடியை மட்டும் விட்டுவைக்கும். கட்டியபோது கல் போல இருந்து ஓராண்டில் திறந்துகொள்ளும் மூட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு படியைத் தவிர்த்தவை.

8 அடிப் பிளைவுட்டை 14 அடியாக்க, முனையைத் தடிமனைப்போல் 8 மடங்கு நீளத்துக்குச் சாய்வாக இழைத்து ஒட்ட வேண்டும். 6 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்குச் சாய்வு 48 மில்லிமீட்டர். பிளைவுட் பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் கடல் தரம், இந்தியாவில் ஐ.எஸ். 710. மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வெள்ளை ஓக்கில் இந்த 105-ஐ நம்ப வேண்டாம். அதே நிறுவனத்தின் ஜி/ஃப்ளெக்ஸ் என்ற நெகிழ்வான பசை அதற்குத் தேவலை. தேக்கை அசிட்டோனால் துடைத்து, அது காய்ந்தவுடனே ஒட்ட வேண்டும்.

இந்த முறை தமிழ்க் கடற்கரைக்கு முற்றிலும் புதிதல்ல. கன்னியாகுமரிக் கரையில் 1980-களில் கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் பிளைவுட் வள்ளங்கள் வந்து நின்றன. தட்டுகளை இணைத்து, மேலே இழைப்பூச்சு கொடுத்த உடல்கள் அவை. வார்னிஷும் மகோகனியும் அவற்றில் இல்லை.

தேன் நிறம் வருவது எப்படி, போவது எப்படி

மேல்தளத்துக்கும் பக்கங்களுக்கும் மகோகனிப் பட்டையின் தடிமன் 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கனம் கூடினால் மரம் அசையும்போது பூச்சையும் இழுத்துக் கிழிக்கும். சாயம் போடுவதானால் தண்ணீரில் கரையும் சாயம். எண்ணெய்ச் சாயம் முழுக்கக் காயாமல் பூசினால் எப்பாக்ஸி தோலாக உரிந்து வரும். பட்டைகளுக்கு நடுவே வெள்ளை நிறமி கலந்து 406 சேர்த்த கலவையை நிரப்பினால் பழைய படகின் கோடு கிடைக்கும். கோட்டை நிரப்பும் முன் பட்டைகளின் மேல்முகத்தில் ஒரு பூச்சு தெளிந்த எப்பாக்ஸி கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளை நிறமி மகோகனியின் துளைகளில் புகுந்துகொள்ளும், அதை எந்த உப்புத்தாளும் எடுக்காது.

இங்கே 207-ஐத் தவிர மற்றதைப் பயன்படுத்தக்கூடாது. 205-உம் 206-உம் ஈரமான காற்றில் இறுகும்போது மெழுகு மாதிரி ஒரு படலம் விடும். அதன்மேல் அடுத்த பூச்சு போட்டால் வெண்மேகம் தெரியும், வார்னிஷ் பிடிக்காது. படலம் தண்ணீரில் கரையக்கூடியது: சுத்தமான தண்ணீரும் பச்சை நார்த்தேய்ப்பானும் கொண்டு கழுவி, துணி வைத்து ஒற்றி எடுத்து, பிறகே உப்புத்தாள். தின்னரால் துடைப்பவர்கள் படலத்தைக் கரைப்பதில்லை, பரப்புகிறார்கள். கழுவாமல் உப்புத்தாள் போட்டாலும் அதே கதை, படலத்தைப் பூச்சுக்குள் தேய்த்து ஏற்றுகிறோம். முந்தைய பூச்சு விரல் வைத்தால் ஒட்டுகிற பக்குவத்தில் இருக்கும்போதே அடுத்ததைப் பூசிவிட்டால் கழுவவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். ஒரே நாளில் மூன்று பூச்சு முடிப்பவர் பாதி உழைப்பை மிச்சம் பிடிக்கிறார்.

குமிழிகளுக்குக் காரணம் பெரும்பாலும் நேரம்தான். காலையில் பூசினால் மரம் சூடேறச் சூடேற அதன் துளைகளிலுள்ள காற்று விரிந்து பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். மாலையில், வெப்பம் இறங்கத் தொடங்கிய பிறகு பூசினால் அதே காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். பூச மெல்லிய ஃபோம் ரோலர். அதே ரோலரைப் பாதியாக வெட்டிக் குச்சியில் செருகினால் குமிழி உடைக்கும் தூரிகை. மகோகனிமேல் கண்ணாடியிழைத் துணி கண்ணுக்குத் தெரியாமல் மறைய வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 135 முதல் 200 கிராம் வரை, அதற்கு மேல் கனம் வேண்டாம்.

இனி இந்தப் பொருளின் உண்மையான பலவீனம். வெயில் எப்பாக்ஸியைத் தின்றுவிடும். 207-இல் புறஊதாத் தடுப்பு உண்டு என்று டப்பா சொல்வதை நம்பி வார்னிஷைத் தள்ளிப்போட்டால், பூச்சு மஞ்சளாகி, மங்கி, கடைசியில் மரத்தைவிட்டுக் கழன்று வரும். புறஊதாத் தடுப்புள்ள வார்னிஷ் குறைந்தது 4 முதல் 6 பூச்சு அதன்மேல் ஏற வேண்டும், பிறகு ஆண்டுதோறும் ஒன்றிரண்டு. அடுத்தது சூடு. இறுகிய 105, ஏறக்குறைய 50 டிகிரியில் விறைப்பை இழக்கத் தொடங்குகிறது. கருஞ்சிவப்பு மகோகனித் தளம் உச்சிவெயிலில் அதைத் தாண்டிவிடும். அப்போது அடியிலிருக்கும் துணியின் நெசவு மேலே பதிந்து தெரியும். கட்டுமானம் உடையாது, கண்ணாடி போன்ற முகம் மட்டும் போய்விடும். நம் ஊர் வெயிலில் நிழல்கூரை இல்லாமல் இந்தப் படகை நிறுத்தக்கூடாது. இதற்கு ஹார்டனரை மாற்றுவதெல்லாம் தீர்வாகாது.

பெயிண்ட் அடிக்கும் அடிப்பாகத்திலும் கவனம் வேண்டும். கண்ணாடியிழைப் படகுகளுக்குப் பூசும் பாலியஸ்டர் ஜெல்கோட் எப்பாக்ஸிமேல் சரியாகப் பிடிக்காமல் போகலாம். சில ஒற்றைக்கூறு எனாமல்கள் வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒரு துண்டுப் பலகையில் பூசிப் பார்க்காமல் முழு உடலில் அடிக்க வேண்டாம். இருகூறு பாலியூரித்தேன் பெயிண்ட் ஒழுங்காக நிற்கும்.

மாற்று உண்டா

இந்தியாவில் இதை இறக்குமதி விலையில் வாங்க மனம் வராதவர்கள் அரால்டைட் எல்.ஒய். 556 ரெசினையும் எச்.ஒய். 951 ஹார்டனரையும் எடுக்கிறார்கள். எடையில் 100-க்கு 10. வலுவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 105-ஐவிடப் பல மடங்கு கெட்டியானது, மரத்துக்குள் எளிதில் இறங்காது, துணியை நனைக்க நேரம் பிடிக்கும். ஹார்டனர் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் அளக்கும்போது கை கொஞ்சம் தவறினாலும் விகிதம் பெரிதாக மாறிவிடும். 100 கிராம் ரெசினுக்கு 2 கிராம் பிசகினால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. துல்லியமான மின்னணுத் தராசு இல்லாமல் தொடக்கூடாது. வங்கு, ஏரா (படகின் அடிக்கட்டை) போன்ற கண்ணில் படாத உள்கட்டுக்கு அது, மகோகனிக்கு மட்டும் 105-உம் 207-உம் என்று பிரித்துக்கொண்டால் செலவு வெகுவாகக் குறையும். ஒரே கோப்பையில் இரண்டையும் கலக்காதவரை தகராறு இல்லை.

தோலைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. மணம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று தோன்றும். இறுகாத எப்பாக்ஸி தோலில் பட்டுப்பட்டு ஒருநாள் ஒவ்வாமை கிளம்பினால் அது வாழ்நாள் முழுக்க நிற்கும். அதன்பின் டப்பாவைத் திறந்தாலே அரிக்கும். நைட்ரைல் கையுறை, முழுக்கை சட்டை. கருவிகளை வினிகரால் துடைக்கலாம், தோலை அல்ல. தோலுக்குச் சோப்பு அல்லது மெக்கானிக்குகள் பயன்படுத்தும் தண்ணீரில்லாத கைத்துப்புரவுக் களிம்பு. அசிட்டோனால் கை கழுவுவது ரெசினைத் தோலுக்குள் அனுப்பும் வழி. முழுக்க இறுகாத பூச்சைத் தேய்க்கும்போது பறக்கும் தூளும் அதே வேலையைச் செய்யும். என்95 முகமூடி அந்த நேரத்துக்கு.

மிஞ்சிய ரெசினைத் தூக்கி எறிய வேண்டாம். இறுக மூடிவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. குளிரில் கிடந்து நெய் உறைந்ததுபோல் வெள்ளைக் குருணை கட்டியிருந்தால், டப்பாவை 50 டிகிரிச் சூட்டுத் தண்ணீரில் வைத்து, தெளியும்வரை கிண்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஹார்டனர் செம்மஞ்சளாகக் கறுப்பதும் வீரியத்தைக் குறைக்காது. ஆனால் அதை மகோகனிமேல் பூசாமல், உள்கட்டு ஒட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.